நாலு விரல் குறைந்த அம்பு

"அம்பா இது? அடுப்பெரிக்கக்கூட ஆகாத குச்சி!"

இருசன் கையிலிருந்த அம்புக்கட்டை வாசலில் விட்டெறிந்தான்.

மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் சிதறி ஓடின. சிலம்பாயி அசையவில்லை. மூங்கில் கழி ஒன்றை அனலில் வாட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தாள். பாதியில் விட்டால் கழி கோணிக்கொள்ளும். யார் வந்து கத்தினாலும் கழி காத்திருக்காது.

முடித்துச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். வாசலில் கிடந்ததை எண்ணினாள்.

"ஏழு கொடுத்தேன் அண்ணா. ஆறுதான் இருக்கு."

"ஏழாவது பன்னி உடம்புல இருக்கு!"

அதுதான் சங்கதி.

பதினொரு நாளைக்கு முன்னால் தினைப்புனத்து ஓரத்தில் ஒரு பெரிய ஆண் காட்டுப்பன்றியின் மேல் இருசன் அம்பு விட்டான். முப்பதடி தூரம்கூட இருக்காது. பன்றி வலப்பக்கம் பார்த்துப் பக்கவாட்டில் நின்றது. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைப் பார்த்துத்தான் குறிவைத்தான். அம்பு ஒரு சாண் இடப்பக்கம் விலகி, வயிற்றோரத்துச் சதையில் சாய்வாக ஏறியது. பன்றி அம்போடு காட்டுக்குள் ஓடிவிட்டது.

அப்படி அடிபட்டது லேசில் சாகாது. வலியைத் தின்றுகொண்டு அலையும். எதிரில் வருபவரைக் கிழிக்கும். நான்காம் நாள் எதிரில் வந்தவன் வெள்ளையன், இருசன் பெண்டாட்டியின் தம்பி. தொடையில் எலும்பு தெரியக் கிழித்துவிட்டுப் போனது.

அந்த மலையில் ஒரு கட்டு உண்டு. அரைகுறையாக அடிபட்ட உயிரை அடித்தவனேதான் முடித்துவைக்க வேண்டும். வேறு எவரும் அதன்மேல் அம்பு தொடுக்கக்கூடாது. பௌர்ணமிக்குள் முடிக்காவிட்டால் அடித்தவனுடைய வில்லைக் கோயில் வேங்கை மரத்தில் கட்டிவிடுவார்கள். கட்டிய வில்லை இதுவரை யாரும் அவிழ்த்ததில்லை.

இதில் தினை வேறு முற்றிவிட்டது. பெண்கள் புனத்தில் கால் வைக்கப் பயந்தார்கள். கதிர் உதிரத் தொடங்கினால் ஊரே பட்டினி.

பௌர்ணமிக்கு ஒன்பது நாள் இருந்தது.

இருசனுடைய வில்தான் ஊர் வேட்டைக்கு முதல் வில். அந்த வில்லுக்கு நாணேற்ற இன்னொருவனுக்குக் கை கிடையாது. நாற்பது வயதில் அதை மரத்தில் கட்டக் கொடுத்துவிட்டுப் புனத்துப் பரணில் உட்கார்ந்து கிளி ஓட்டுவதா? நினைக்கும்போதே அவனுக்கு உடம்பு எரிந்தது.

"அம்பு பொய் சொல்லிருச்சு ஆசானே!"

அந்த 'ஆசானே' அவன் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டுதான் வெளியே வந்தது. அந்த மலையில் அம்பு செய்து கொடுப்பவர் ஆசான், வாங்குபவன் சீடன். வயதுக் கணக்கெல்லாம் செல்லாது. சிலம்பாயிக்கு முப்பது ஆகவில்லை. அவள் பாவாடை கட்டிய காலத்தில் இருசன் புலிக்குப் பரண் கட்டியவன். இருந்தாலும் அவன்தான் ஆசானே என்று கூப்பிட வேண்டும், அவள் அண்ணா என்று கூப்பிடுவாள். இந்த ஏற்பாட்டைச் செய்த முன்னோர்கள்மேல் அவனுக்குத் தனியாக ஒரு கோபம் இருந்தது.

"என்ன வேணுங்க?" என்றாள்.

"தடிச்ச கழி. வளையாத கழி. கனத்த இரும்பு. என் வில்லு எப்படிப்பட்டதுன்னு ஏழூருக்கும் தெரியும். என் வில்லுக்கு ஏத்த அம்பு கொடுங்க!"

"வில்லுக்கு ஏத்ததைத்தான் கொடுத்தேங்க."

இதை அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்புறம் ஏன் விலகுச்சு?"

கோபம் வந்தால் இருசன் தாடையைச் சொறிவான். வலப்பக்கத் தாடையோரம் கறுப்பாக ஒரு கோடு காய்ப்புக் காய்த்துக் கிடக்கும். அந்த இடத்தைத்தான் சொறிவான். இப்போதும் சொறிந்தான்.

சிலம்பாயி அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து வாசலோரம் போனாள்.

அங்கே இரண்டு முளைக்குச்சி அடித்திருந்தது. அவன் எறிந்த அம்பில் ஒன்றை எடுத்து இரண்டு முளைமேலும் கிடத்தினாள். நடுவில் கயிறு போட்டு ஓர் ஆற்றுக்கல்லைத் தொங்கவிட்டாள். அம்பு ஓர் அரிசித் தடிமன்கூட வளையவில்லை.

அதை எடுத்துவிட்டு வேறொரு கழியை வைத்தாள். மெல்லிய கழி. அதே கல்லுக்கு அது ஒரு விரல் தடிமன் வளைந்தது.

"இதுங்க," என்றாள்.

"இதா? இது புறா அடிக்கிற குச்சி!"

"வளையணுங்க. அம்பு கிளம்புற வழியில வில்லுத்தண்டு குறுக்க நிக்குது. வளையிற அம்பு அதைச் சுத்திக்கிட்டுப் போகும். வளையாதது அதுல முட்டி இடப்பக்கம் தள்ளிக்கும்."

இருசனுக்குக் கண் விரிந்தது. பிடி கிடைத்துவிட்டது.

"அப்படின்னா வளையாத கழியைக் கொடுத்தது யாரு? நீங்கதானே! தப்பு உங்க பேர்ல இருக்கு, ஒத்துக்குங்க!"

"முழுசா இழுத்தா அந்தக் கழியும் வளையுங்க."

இருசன் ஓர் அடி முன்னால் வந்தான்.

"நான் முழுசா இழுக்கலைங்கிறீங்களா?"

அவள் கழியை முளைமேலிருந்து எடுத்தாள்.

"நானா? இந்த இருசனா? போன திருவிழாவுல ஊர் முன்னாடி நாணைக் காது வரைக்கும் இழுத்தேன். பறை அடிக்கிறவன் அடிக்க மறந்து நின்னான். ஊர் மூப்பரே எந்திரிச்சு நின்னாரு. அளவுக்கோல்ல கரி வெச்சது உங்க கை. மறந்துபோச்சா?"

"மறக்கலைங்க."

உள்ளே போய்க் கூரை இறவாணத்தில் செருகியிருந்த அளவுக்கோலை எடுத்துவந்தாள். ஒவ்வொரு வேட்டைக்காரனுக்கும் அவள் வீட்டில் ஒரு கோல் இருந்தது. திருவிழா நாளில் ஊர்கூடிப் பார்க்க, முனையில்லாத நீளக் கோலை நாணில் பூட்டி இழுப்பார்கள். கோல் வில்லைத் தொடும் இடத்தில் அவள் கரிக்கோடு போடுவாள். அந்தக் கோட்டுக்கு ஒரு விரல் கூட்டித்தான் அந்த வருடத்து அம்பை வெட்டுவாள். ஏழூரிலும் மிக நீளமான கோடு இருசனுடையது.

அவன் விட்டெறிந்ததில் ஓர் அம்பை எடுத்து, அதன் இரும்பைச் சூடுகாட்டிக் கழற்றினாள். மொட்டைக் கழிதான் மிச்சம். காவியை எண்ணெயில் குழைத்து, முனையிலிருந்து ஒரு முழத்துக்குத் தடவினாள். அதை அவனிடம் நீட்டினாள்.

"நாளைக்கு உச்சிவெயில்ல பன்னி சேத்துக்குழிக்கு வரும். காயத்துக்குச் சேறு வேணும் அதுக்கு. மேல ஒரு பாறை இருக்கு, பன்னி ஏற முடியாத உசரம். அங்க இருந்து இதைப் பூட்டி இழுங்க. நெஞ்சைப் பாத்துக் குறிவையுங்க. ஆனா விடவேண்டாம். நாணைத் தளத்திட்டு அப்படியே எடுத்துட்டு வாங்க. வழியில காவியைத் தேச்சுறாதீங்க."

இருசன் மொட்டைக் கழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்குத் தலையே இல்லை."

"ஆமாங்க."

"தலையில்லாத அம்பை எடுத்துக்கிட்டு, அடிபட்ட பன்னியைப் பாத்து, இழுத்து, விடாம வரணும்."

"ஆமாங்க."

"காவி எதுக்கு? ஏதாவது பூசையா?"

"கொண்டுவாங்க, சொல்றேன்."

ஆசான் சொன்னால் சீடன் செய்ய வேண்டும். செய்தான். வழியெல்லாம் திட்டிக்கொண்டே செய்தான்.

மறுநாள் உச்சியில் பன்றி வந்தது.

ஒரு பக்கமாக இழுத்து இழுத்து நடந்தது. சேற்றில் முன்னங்காலை மடித்து விழுந்தது. விலாவுக்குப் பின்னால் முறிந்த கழி ஒரு விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஈ மொய்த்தது. கழியில் கட்டியிருந்த சிவப்பு நூலை அவன் பாறைமேலிருந்தே அடையாளம் கண்டான். அது அவனுடைய நூல்.

நாணைப் பூட்டினான். இழுத்தான். நெஞ்சைப் பார்த்தான்.

விட்டிருந்தால் இப்போதே முடிந்திருக்கும்! முனையில் ஒரு துண்டு இரும்பு இருந்திருந்தால் போதும்! ஊர் நிம்மதியாகத் தூங்கும், வெள்ளையன் நிம்மதியாகத் தூங்குவான், இந்தப் பாழாய்ப்போன பன்றியும் நிம்மதியாகத் தூங்கும். தலையை அவள் கழற்றி வைத்துக்கொண்டாள்.

பன்றி தலையைத் தூக்கி மேலே பார்த்தது.

நாணைத் தளர்த்தி இறங்கினான். அதே வேகத்தில் மூன்று சரிவு ஏறி அவள் வாசலுக்கு வந்துதான் நின்றான்.

"இந்தாங்க! உங்க காவிக்குச்சி!"

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கழியைத்தான் பார்த்தாள். இழுக்கும்போது கழி இடதுகை விரலை உரசிக்கொண்டு பின்னால் வரும். உரசிய இடமெல்லாம் காவி தேய்ந்து அவன் விரலில் அப்பியிருந்தது. உரசாத இடத்தில் பூசினபடியே இருந்தது.

அளவுக்கோலை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். கரிக்கோட்டுக்கும் கழியில் தேயாத காவி தொடங்கும் இடத்துக்கும் நடுவில் தன் விரல்களை அடுக்கினாள்.

நான்கு விரல்.

"பன்னி முன்னால நீங்க இழுத்தது இம்புட்டுத்தாங்க."

இருசனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்துப்போனது.

"பாறைமேல குந்தியிருந்தேன்! கை நீட்ட இடமில்லை!"

"சரிங்க."

"என்ன சரி? காவியை எடுங்க!"

அவனே காவியைப் பூசிக்கொண்டான். அதே வாசலில், காலை அகட்டி நின்று, நாணைக் காதுவரை இழுத்துக் காட்டினான். தோள் புடைத்தது. காவி முனைவரை தேய்ந்து, ஒரு விரல்தான் மிஞ்சியது. கரிக்கோட்டுக்கு மயிரிழை பிசகில்லை.

"பாத்தீங்களா? இதுதான் நான்!"

"அதுவும் நீங்கதாங்க," என்று அளவுக்கோலில் முன்பு விரல் வைத்த இடத்தைக் காட்டினாள்.

"நான் பயந்துட்டேங்கிறியா நீ?"

மரியாதை நழுவிவிட்டது. அவன் அதை எடுத்து ஒட்டவைக்கவும் இல்லை.

"பயம்னு நான் சொல்லலைங்க. நாலு விரல்னு சொன்னேன்."

ஊருக்குத் திரும்பும் வழியில் வெள்ளையனைப் பார்க்கப் போனான். தொடையில் பச்சிலை வைத்துக் கட்டிக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். இனிமேல் நடந்தாலும் கோணித்தான் நடப்பான் என்று வைத்தியன் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"பன்னியை முடிச்சாச்சா மாமா?"

"அம்பு சரியில்லை மச்சான். அவ செஞ்ச அம்பு சரியில்லை."

வெள்ளையன் வலியோடு சிரித்தான்.

"அதை என் தொடைகிட்டச் சொல்லுங்க மாமா. அது ஏன்னு என்னைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இருசன் இந்தப் பழமொழியை எத்தனையோ பேரைப் பார்த்துச் சொன்னவன். அன்றைக்கு அது அவனைப் பார்த்துச் சொல்லப்படுவதுபோல் இருந்தது. யாரும் சொல்லவில்லைதான். அதனால் கோபம் இன்னும் கூடியது, திட்டுவதற்கு ஆள் இல்லையே.

மறுநாள் அவள் சொல்லாமலேயே மொட்டைக்கழியில் காவியைப் பூசிக்கொண்டு மறுபடி பாறை ஏறினான். இன்றைக்கு நின்றான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

மாலையில் அவள் வாசலுக்குக் கழியைக் கொடியைப்போல உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"பாருங்க ஆசானே! ஒரு விரல்தான் மிச்சம். பன்னிக்கு முன்னாடிதான் இழுத்தேன். முழுசா!"

சிலம்பாயி வாங்கிப் பார்த்தாள். தலையசைத்தாள்.

"முழுசுதாங்க. பன்னி எங்க நின்னுச்சு?"

"சேத்துலதான்."

"நெஞ்சு தெரிஞ்சுதுங்களா?"

"நின்னு, காலை ஊனி, காது வரைக்கும் கொண்டுவந்து…"

"நெஞ்சு தெரிஞ்சுதுங்களா அண்ணா?"

இருசன் கழியை இறக்கினான்.

"எந்திரிச்சுப் போயிருச்சு."

"எப்ப?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் காதைப் பாத்துக்கிட்டு இருந்தேன்!"

அவள் சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் அவன் வில்லை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருப்பான். நாற்பது கழி கொண்டுவந்து அவன் முன்னால் போட்டாள்.

"முளையும் கல்லும் அங்க இருக்கு. ஒரு விரல் தடிமன் வளையிற கழியா மூணு எடுங்க. மூணும் ஒண்ணுபோல வளையணும்."

"நான் எடுக்கணுமா? செய்யிறது நீங்க."

"விடறது நீங்க."

இரண்டு பகல் அவன் கல்லைத் தொங்கவிட்டான். கை தன்பாட்டுக்குத் தடித்த கழியைத்தான் தேடிப் போகும். எடுப்பான், கிடத்துவான், கல்லைக் கட்டுவான், கழி இரும்புபோல நிற்கும். பெருமையாக இருக்கும். தள்ளி வைப்பான். அரிசித் தடிமன் வளைவது, அரை விரல் வளைவது, ஒன்றரை விரல் வளைந்து உயிரை விடுவது. வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒரே மூங்கில். கல்லைக் கட்டினால்தான் எது எப்படி என்று தெரிந்தது. வேட்டைக்குப் போன இருபத்தைந்து வருடத்தில் ஓர் அம்பைக்கூட அவன் இப்படிக் கேள்வி கேட்டதில்லை. கொடுத்ததை வாங்கினான், தடித்ததாக இருந்தால் சந்தோஷப்பட்டான்.

மூன்று கிடைத்தது. நாற்பதில் மூன்று.

சிலம்பாயி கோலில் கரிக்கோட்டுக்கு நான்கு விரல் கீழே புதுக்கோடு போட்டு, அந்த அளவுக்குக் கழியை வெட்டினாள். மூன்று கழிக்கும் ஒரே கழுகின் ஒரே பக்கத்து இறகாகப் பொறுக்கிக் கட்டினாள். சின்ன இரும்பைப் பூட்டினாள். இருசன் குனிந்து அதைப் பார்த்தான்.

"இவ்வளவு சின்னதா?"

"முன்னால கனம் ஏத்தினா கழி இன்னும் வளைஞ்சு தொவண்டுருங்க. கூரா இருந்தாப் போதும்."

"இதை அம்புக்கூட்டுல வெச்சுக்கிட்டு நான் எப்படி ஊருக்குள்ள நடப்பேன்?"

அது சும்மா சொன்ன பேச்சில்லை. அந்த மலையில் அம்புக்கூட்டைத் தோளில் மாட்டி நடந்தால், இறகு தோளுக்குமேல் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்துத்தான் ஆளை மதிப்பார்கள். இருசனுடைய இறகு காதுக்கு மேல் நிற்கும். இந்த அம்பு கூட்டுக்குள் போனால் இருக்கிற இடம் தெரியாது.

"சொல்லுங்க ஆசானே. எப்படி நடப்பேன்?"

"பன்னி கூட்டைப் பாக்காதுங்க."

"ஊரு பாக்குமே!"

 நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். கை மட்டும் ஒரு நொடி நின்று, பிறகு சுற்றியது.

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலை இருசன் கிளம்பினான். கட்டுப்பட்ட வேட்டைக்குப் போகிறவன் மூப்பரிடம் அம்பைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். காட்டுவழியாகச் சுற்றிப் போய்த் தப்பிக்க முடியாது. சாவடி முன்னால் ஊரில் பாதிப் பேர் நின்றார்கள்.

மூப்பர் ஓர் அம்பை உருவினார். விரலால் அழுத்திப் பார்த்தார். வளைந்தது.

கூட்டத்தில் யாரோ களுக்கென்றார்கள். "எரவல் வாங்கினதா?" என்று ஒரு குரல் கேட்டது. "புறா வேட்டைக்கா கெளம்பிட்டாரு?" என்று இன்னொரு குரல்.

இருசனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அந்த வாயை எல்லாம் ஒரே அறையில் மூடலாம். மூப்பர் அம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தார்.

"இருசா. இது உன் அம்பா?"



"என் அம்புதாங்க," என்றான்.

வாங்கிக் கூட்டில் போட்டுக்கொண்டு நடந்தான். முதுகுக்குப் பின்னால் சிரிப்பு கேட்டது. திரும்பவில்லை.

உச்சிவெயிலில் பன்றி சேற்றுக்கு வந்தது. இருசன் பாறைமேல் குந்தியிருந்தான். இழுத்தான். நாண் தாடைக்கு வந்ததும் கை நின்றது. அதற்குமேல் போகச் சொல்லி அவன் கையைக் கேட்கவில்லை. நெஞ்சு தெரிந்தது. விட்டான்.

கழி பாம்புபோல ஒருமுறை நெளிந்ததை அவன் கண்ணால் பார்த்தான். பிறகு அது பன்றியின் நெஞ்சில் இறகுவரை போய்ப் புகுந்திருந்தது.

பன்றி ஆறடி நடந்தது. ஏழாவது அடி இல்லை.

கீழே இறங்கி அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். கத்தியால் கீறிப் பழைய இரும்பை எடுத்தான். சீழும் புழுவுமாக வந்தது. பத்தொன்பது நாள் இந்த இரும்போடு இது நடந்திருக்கிறது, படுத்திருக்கிறது, தண்ணீர் குடித்திருக்கிறது. இருசன் அழுதான். எதற்கென்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

அன்று மாலை ஊர் பறையடித்தது. காலையில் சிரித்தவர்களே தோளில் தட்டினார்கள். மறுநாள் விடிந்ததும் பெண்கள் அரிவாளோடு புனத்தில் இறங்கினார்கள்.

இருசன் சிலம்பாயி வாசலுக்குப் போனான். பன்றியின் முன்னங்கால் அம்பு செய்தவருக்கு. அது முறை. இலையில் சுற்றி வைத்தான். அதன் பக்கத்தில், பன்றியின் உடம்பிலிருந்து எடுத்த பழைய இரும்பையும் முறிந்த கழியையும் வைத்தான்.

"ஏழாச்சு," என்றான்.

அவள் அந்த இரும்பைத் தொடவில்லை.

போய்விடலாம் என்று திரும்பியவன், பழக்கத்தில் தாடையைச் சொறிந்தான். விரல் காய்ப்பின்மேல் நின்றது. அந்தக் கோடு முழுவதையும் மெல்லத் தடவினான். பிறகு கையை மேலே கொண்டுபோய்க் காதைத் தடவிப் பார்த்தான். காது பிள்ளைக்காதுபோல மழமழவென்று இருந்தது.

மறுபடியும் தாடை. மறுபடியும் காது.

"ஆசானே."

"சொல்லுங்க."

"இந்தக் காய்ப்பு நாண் உரசி வந்தது."

"ஆமாங்க."

"எத்தனை வருசமா இருக்கு?"

"நான் பாத்த நாளா இருக்குங்க."

"காதுல இல்லை."

"இல்லீங்க."

இருசன் அவள் எதிரில் வந்து நின்றான்.

"அப்படின்னா திருவிழா அன்னிக்கு நான் காது வரைக்கும் இழுத்தப்பவே உங்களுக்குத் தெரியும். காட்டுல என் கை எங்க நிக்கும்னு தெரியும். என் மூஞ்சியில எழுதியிருக்கு."

அவள் இலைப்பொதியை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா!" அவன் போட்ட சத்தத்தில் கோழிகள் மறுபடி ஓடின. "தெரிஞ்சுமா அந்தக் கழியைக் கொடுத்தீங்க? எம் மச்சான் இனி கோணித்தான் நடப்பான். அந்தப் பன்னி பத்தொம்போது நாள் புழு வெச்சுக்கிட்டு அலைஞ்சுது. ஒரு வார்த்தை! திருவிழா அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? ஏன் சொல்லலை?"

சிலம்பாயி அவனுடைய அளவுக்கோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மேலே இருந்த பழைய கரிக்கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்தாள். அது போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"ஊரே கை தட்டுச்சு. மூப்பர் எந்திரிச்சு நின்னாரு. நீங்க நாணை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, கரியை வையின்னு என்னைப் பாத்தீங்க. அத்தனை பேர் முன்னாடி சொல்ல வாய் வரலை."

அவள் குரல் உடைந்தது.

"அன்னிக்கு நானும் நாலு விரல் குறைச்சுத்தான் இழுத்தேன் அண்ணா."